இரண்டு வருடமாக லைட் பாயின்ட் மட்டும் போடுகிறேன், இதற்குப் பெயர் டிசைனா?

வோல்ட்டேஜ்_வாலு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இ.இ.இ. (எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்) முடித்துச் சென்னையில் ஒரு எம்.இ.பி. (கட்டடங்களுக்கு ஏசி, மின்சாரம், பிளம்பிங் டிசைன்) கன்சல்டன்சியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சின்ன ஆபீஸ், பெயர் வேண்டாம். தினமும் நடப்பது இதுதான்: காலையில் ஆர்க்கிடெக்டிடமிருந்து பிளான் வரும், லைட் பாயின்ட், ஃபேன் பாயின்ட், சாக்கெட் எல்லாம் வைத்து சுவிட்ச்போர்டுக்குக் கோடு இழுப்பேன், சாயங்காலம் அவர் ஃபால்ஸ் சீலிங்கை மாற்றிவிட்டேன் என்று இன்னொரு பிளான் அனுப்புவார், மறுபடி முதலிலிருந்து. கணக்கு எல்லாம் சீனியர் வைத்திருக்கும் ஒரு எக்செல் ஷீட்டில் நடக்கிறது. கிலோவாட்டைப் போட்டால் கேபிள் சைஸ் வரும், பிரேக்கர் வரும், ஜெனரேட்டர் வரும். உள்ளே என்ன ஃபார்முலா என்று பார்க்கப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது.

காலேஜில் படித்த பவர் சிஸ்டம்ஸில் பாதி மறந்துபோய்விட்டது. கூடப் படித்தவன் கோடிங் பக்கம் போய் என்னைப்போல் இரண்டு மடங்கு வாங்குகிறான். வீட்டில், "நீ எலக்ட்ரீசியன் வேலைதானே பார்க்கிறாய்" என்று மாமா கேட்கிறார், எனக்கும் பதில் தெரியவில்லை. கேள்வி ஒன்றுதான். இந்த வேலையில் டிசைன் என்பது எங்கே இருக்கிறது? இருந்தால் அதை எப்படிக் கற்றுக்கொள்வது? யாராவது உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்.


பழைய_ஃபியூஸ்

தம்பி, 22 வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எக்செல்லின் பாஸ்வேர்டைத் தேடாதே. நீயே ஒன்று எழுது. ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான். எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பாய். 14-வது மாடியில் ஒரு வீடு என்று வை. மீட்டர் போர்டு கீழே, ஷாஃப்ட் வழியாக ஏறி, காரிடாரில் படுத்துப் போய் வீட்டு டி.பி.யைத் (வீட்டுக்குள் மின்சாரம் பிரியும் பெட்டி) தொட 70 மீட்டர். இரண்டு ஏசி, ஒரு கீசர், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, சிங்கிள் ஃபேஸில் 35 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள். 10 சதுர மில்லிமீட்டர் காப்பர் போட்டால் கரண்ட் தாங்கும், தாராளமாகத் தாங்கும், டேபிளைப் பார்த்தவர்கள் அதோடு மூடிவிடுவார்கள். ஆனால் சூடான காப்பரின் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2.2 ஓம். போக 70, வர 70. கணக்குப் போட்டால் 10.8 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது, 230-ல் 4.7 சதவீதம். லைட்டுக்கு 3, மற்றதுக்கு 5 என்பது வரம்பு, அதுவும் சப்ளை நுழையும் இடத்திலிருந்து கடைசி லைட் வரைக்கும் சேர்த்து. வீட்டு வாசலிலேயே 4.7 போய்விட்டால் உள்ளே பெட்ரூம் ஏசிக்குப் போகும் ஒயருக்கு என்ன மிச்சம்? 16-க்கு ஏறினால் 2.9-க்கு வந்துவிடும். இந்த இடத்தில் நீ எடுக்கும் முடிவுதான் டிசைன். 16 போடலாம், மீட்டர் போர்டை நடு மாடிகளில் பிரித்து வைக்கலாமா என்று ஈ.பி.யில் கேட்கலாம், ஷாஃப்டையே வீட்டுப் பக்கம் நகர்த்தச் சொல்லி ஆர்க்கிடெக்டிடம் சண்டை போடலாம். எக்செல் உனக்கு எண்ணைத்தான் தரும், ஷாஃப்டை நகர்த்துவோமா என்று அது ஒருநாளும் கேட்காது.

அப்புறம், லைட் பாயின்ட் போடுவதை இளக்காரமாக நினைக்காதே. கட்டடம் முடிந்தபின் குடியிருப்பவர் உன் டிராயிங்கில் கையால் தொடுவது அது ஒன்றைத்தான். கதவைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் சுவிட்ச்போர்டு ஒளிந்துகொள்ளும் வீடு எத்தனை பார்த்திருக்கிறேன் தெரியுமா?


தம்ப்ரூல்_தங்கராசு

ஃபியூஸ் அண்ணா சொன்னது சரி, ஆனால் கான்ட்ராக்டர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கன்சல்டன்ட்கள் பாதிப் பேர் பயத்தில் டிசைன் செய்கிறார்கள். எல்லா வீட்டிலும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்று கணக்குப் போட்டு டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றிவிடுவார்கள், அது வருடம் முழுக்க 30 சதவீத லோடில் சும்மா உறுமிக்கொண்டு கிடக்கும். 84 வீடு, வீட்டுக்கு 9 கிலோவாட் கனெக்டட் லோடு (எல்லாச் சாதனங்களையும் கூட்டினால் வருவது), மொத்தம் 756. அதை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து நிற்பவனிடம் என்ன பேசுவது? எங்கள் பக்கம் தம்ப் ரூல் உண்டு, பாதி எடுத்துக்கொள், தீர்ந்தது.


பழைய_ஃபியூஸ்

தங்கராசு, அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? பழைய காலத்தில் வீட்டுக்கு ஒரு ஏசி, அதுவும் எல்லா வீட்டிலும் கிடையாது. இப்போது சென்னையில் மே மாதம் ராத்திரி 11 மணிக்கு ஒரு அடுக்ககத்தின் மெயின் பேனல் முன்னால் போய் நின்று பார். கீசர் எதுவும் ஓடாது, அடுப்பு ஓடாது, ஆனால் எல்லா வீட்டிலும் எல்லா பெட்ரூம் ஏசியும் ஓடும். டைவர்சிட்டி என்பது ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்ற நம்பிக்கை. வெயில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் அடிக்கிறது. ஏசிக்கு ஒரு ஃபேக்டர் (ஒரே நேரத்தில் ஓடும் பங்கு), கீசருக்கு ஒரு ஃபேக்டர் என்று தனித்தனியாக எடுத்து, ராத்திரிக்கு ஒரு கூட்டல், காலை 7 மணிக்கு ஒரு கூட்டல் போட்டுப் பார்த்தால் எது பெரியதோ அதை எடு. மொத்தமாகப் பாதி என்று அடிப்பது சில சமயம் அதிகம், சில சமயம் குறைவு, எப்போது எது என்று உனக்கே தெரியாது, அதுதான் ஆபத்து.

இதோடு இப்போது எலெக்ட்ரிக் கார் வந்துவிட்டது. அதே 84 வீட்டுக்கும் 7.4 கிலோவாட் சார்ஜர் ஒவ்வொன்று என்றால் சுமார் 622 கிலோவாட், வீடுகளின் லோடுக்குப் போட்டியாக வந்து நிற்கிறது. 2019-லேயே மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்குச் சார்ஜிங் வசதி என்று சேர்த்துவிட்டார்கள். எல்லாரும் ராத்திரி வந்துதான் சொருகுவார்கள், அதாவது ஏசி ஓடும் அதே நேரத்தில். லோடு மேனேஜ்மென்ட் (சார்ஜர்கள் முறைவைத்து ஓடும் ஏற்பாடு) வைக்காமல் இதைத் தீர்க்க முடியாது. இன்றைக்கு மாட்டாவிட்டாலும் அதற்கு டிரே (கேபிள் படுத்துப் போகும் தட்டு) வழியும் பேனலில் ஒரு காலி இடமும் விட்டு வை.


தம்ப்ரூல்_தங்கராசு

சரி அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பில்டர் கையில் காசு இல்லை என்றால் காலி இடத்தைத்தான் முதலில் வெட்டுவார்.


ஓஎம்ஆர்_மகி

நான் எட்டு வருடம் ஐ.டி. கட்டடங்களுக்கு டிசைன் செய்தவள். வாலுவுக்கு ஒரு கதை சொல்கிறேன், என் முதல் பெரிய தப்பு.

பழைய ஆபீஸ் ஒன்று, கிட்டத்தட்ட எல்லா மேசையிலும் பழைய மாடல் டெஸ்க்டாப். ஃப்ளோர் பேனலுக்கு மூன்றரை கோர் 240 அலுமினியம் கேபிள் போட்டிருந்தோம். மூன்றரை கோர் என்றால் மூன்று ஃபேஸ் 240, நியூட்ரல் மட்டும் 120. ஃபேஸ்கள் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது என்று காலேஜில் சொல்லித்தந்ததை நம்பி அப்படியே போட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து மெயின்டனன்ஸ்காரர் போன் செய்தார், "மேடம், பேனலைத் திறந்தால் ஒரு மாதிரி வாசனை வருகிறது." போய்ப் பார்த்தால் நியூட்ரல் லக் (கேபிள் முனையின் இணைப்புத் துண்டு) கறுத்துப்போய், பக்கத்து ஸ்லீவ் உருகி ஒட்டியிருந்தது. கிளாம்ப் மீட்டர் போட்டோம். ஃபேஸ் மூன்றிலும் 220 ஆம்பியர் சுமார், அழகாகச் சமம். நியூட்ரலில் 280.

அன்றைக்குத்தான் மூன்றாம் ஹார்மோனிக் (கம்ப்யூட்டர் போன்றவை உண்டாக்கும், மூன்று மடங்கு வேகத்தில் அலையும் கரண்ட்) என்பதைப் புத்தகத்துக்கு வெளியே பார்த்தேன். மூன்று ஃபேஸிலும் அது ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதால் நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காது, கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஃபேஸிலும் 90 என்றால் நியூட்ரலில் 270. அதற்கு மேலே இருக்கும் கொசுறு அன்பேலன்ஸ் கணக்கு. நியூட்ரலுக்குப் பிரேக்கரும் கிடையாது, அது கத்தாமலே எரியும். அதிலிருந்து கம்ப்யூட்டர், எல்.இ.டி. டிரைவர், யு.பி.எஸ். உள்ள எந்த ஃபீடருக்கும் நான்கு கோரும் முழு சைஸ்தான். அந்தக் கேபிளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாற்றினோம், செலவைப் பற்றிப் பேச்சு வேண்டாம். இத்தனைக்கும் அந்த டிராயிங்கில் மேலே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

வீடுகளில் இதன் அண்ணன் ஒருவன் உண்டு, நியூட்ரல் கழன்றுபோவது. ஒரு நிமிஷத்தில் ஒரு வீட்டில் 150, பக்கத்து வீட்டில் 300-க்கு மேல், வரிசையாக டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போகும். அதனால் வாலு, நாளைக்குக் காலையில் உன் சிங்கிள் லைன் டயகிராமை (மின் இணைப்புகளை ஒற்றைக் கோட்டில் காட்டும் படம்) எடுத்து, ஃபேஸை எல்லாம் மறந்துவிட்டு நியூட்ரலை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு லைட் வரைக்கும் போ. எத்தனை இடத்தில் இணைப்பு, எங்கே சைஸ் சிறுக்கிறது, ஏ.டி.எஸ். (ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்குத் தானாக மாற்றும் சுவிட்ச்) நான்கு போலா மூன்று போலா, அதாவது நியூட்ரலையும் துண்டிக்கிறதா இல்லையா என்று பார். பாதிப் படிப்பு அதிலேயே முடிந்துவிடும்.


பாலைக்_காற்று

துபாயிலிருந்து எழுதுகிறேன். ஊரில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். இங்கே வந்த முதல் வாரம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு கேபிள் ஷெட்யூல் போட்டுக் கொடுத்தேன், சீனியர் ஒரு மலையாளி, பார்த்துவிட்டுச் சிரித்தார். "மோனே, இந்தக் கேபிள் எங்கே ஓடுகிறது? கோடையில் மொட்டை மாடியில்." பி.எஸ். 7671 (பிரிட்டிஷ் ஒயரிங் தரம்) டேபிள் 30 டிகிரி காற்றை வைத்து எழுதியது. 50 டிகிரிக்கு பி.வி.சி. கேபிளுக்கு 0.71-ஆல் பெருக்க வேண்டும், அதாவது 100 ஆம்பியர் கேபிள் 71 ஆம்பியர் கேபிள் ஆகிவிடும். எக்ஸ்.எல்.பி.இ. (அதிகச் சூடு தாங்கும் இன்சுலேஷன்) என்றால் 0.82. இந்திய டேபிள்கள் 40 டிகிரியில் எழுதியவை, அதனால் இரண்டையும் கலந்து அடித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். இங்கே வருகிற நம்ம பசங்க செய்யும் முதல் தப்பு இது.

இதைவிட மோசம் குரூப்பிங். ஒன்பது சர்க்யூட்டை ஒரே டிரங்கிங்கில் (கேபிள்கள் ஓடும் மூடிய பெட்டிக்குழாய்) திணித்தால் பாதி கரண்ட்தான் தாங்கும், ஃபேக்டர் 0.5. எத்தனை கன்சல்டன்ட் ஷீட்டில் அந்தக் கட்டத்தில் சும்மா 1 என்று இருக்கிறது தெரியுமா? வாலு, உன் ஆபீஸ் எக்செல்லில் அதை மட்டும் கேட்டுப் பார்.

இங்கே ஒரு நல்ல பழக்கம், டிராயிங் மின்வாரியத்துக்குப் போய் ஒப்புதல் வாங்காமல் சைட்டில் ஒரு பைப் போட முடியாது. லோடு ஷெட்யூலில் ஒரு கூட்டல் தப்பாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அதுவே என்னைத் திருத்தியது என்று தோன்றுகிறது. ஃபயர் பம்ப், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் தீயைத் தாங்கும் கேபிள். 950 டிகிரியில் மூன்று மணி நேரம் எரிந்தும் கரண்ட் போக வேண்டும் என்ற சோதனை தாண்டிய ரகம். கிளிப்பும் டிரேயும் அதே அளவு தாங்க வேண்டும், அதை மறந்து கேபிளை மட்டும் நல்லதாக வாங்கி பிளாஸ்டிக் கிளிப்பில் தொங்கவிட்ட சைட்டும் பார்த்திருக்கிறேன்.


சிங்கை_சீல்

சிங்கப்பூர் நிலவரம் ஒரு வரி: இங்கே லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் ஒர்க்கர் கையெழுத்து இல்லாமல் கரண்ட் வராது. எலக்ட்ரீசியன் தரத்துக்கு 45 கே.வி.ஏ. (மின்சுமை அளவு) வரைதான், மேலே போகப் போக டெக்னீஷியன், இன்ஜினியர். நான் இன்ஜினியர் தரம் வாங்க ஏழு வருடம் ஆயிற்று, நேர்முகத்தில் என்னைக் கேட்ட முதல் கேள்வி டிசைன் பற்றியதில்லை. "நீங்கள் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு அடுத்து என்ன செய்வீர்கள்?" பூட்டுப் போடுவேன், சாவியைப் பையில் வைப்பேன், டெஸ்ட்டர் வேலை செய்கிறதா என்று முதலில் வேறு இடத்தில் பார்த்துவிட்டு அப்புறம் இங்கே பார்ப்பேன் என்றேன். அப்புறம்தான் ஃபைலைத் திறந்தார்கள்.

ஊரில் டிசைன் செய்தவர் ஒருவர், கையெழுத்துப் போடும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் இன்னொருவர். நடுவில் பொறுப்பு எங்கேயோ விழுந்துவிடுகிறது.


பழைய_ஃபியூஸ்

சிங்கை சொன்னது உறைக்கிறது. ஆனால் ஊரிலும் விதி இல்லாமல் இல்லை. 15 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடம் என்றால் மின் ஆய்வாளர் பார்த்துச் சரி சொன்னபிறகுதான் சப்ளை. 2010-ல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளை 2023-ல் புதிதாக எழுதினார்கள், தம்பி அதைத் தேடிப் படி. உயரமான கட்டடம் பற்றிய பகுதி ஒன்றரைப் பக்கம்கூட இருக்காது. மின்சார ஷாஃப்டில் வேறு எந்தப் பைப்பும் போகக்கூடாது, ஒவ்வொரு மாடியைத் தாண்டும் இடத்திலும் தீத்தடுப்பு அடைப்பு வேண்டும், புகையும் நச்சும் குறைந்த கேபிள்தான் போட வேண்டும். அவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் சைட்டுக்குப் போய்ப் பார், அதே ஷாஃப்டில் பிளம்பர் ஒரு பைப்பை ஓட்டியிருப்பார், கேட்டால், "இது தண்ணி இல்லை சார், ஏசி டிரெய்ன் பைப்" என்பார். ஏசி டிரெய்னில் பிறகு என்ன வருகிறதாம், பாலா?

தண்ணீர் என்றவுடன் சொல்லிவிடுகிறேன். என் வேலையில் கரண்டைவிட அதிகமாக நான் யோசித்தது தண்ணீரைத்தான். 2015 டிசம்பரில் வேளச்சேரிப் பக்கம் ஒரு கட்டடம், பேஸ்மென்டில் பேனல் ரூம், ஜெனரேட்டரும் அங்கேயே. தண்ணீர் உள்ளே வந்தபோது தண்ணீரை வெளியே இறைக்க வேண்டிய பம்பின் பேனலும் அதே அறையில். நன்றாகக் கேள், முழுகும்போது காப்பாற்ற வேண்டியதும் சேர்ந்து முழுகியது. அதை டிசைன் செய்தவர் கெட்டவர் இல்லை, ஆர்க்கிடெக்ட் கொடுத்த அறையில் வைத்தார். நான் அதற்குப்பின் எந்தப் பிராஜெக்டிலும் முதல் மீட்டிங்கில் கேட்பது இரண்டே கேள்வி. 2015-ல் இந்தத் தெருவில் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது? பேனல் ரூமுக்கு மேலே என்ன அறை வருகிறது? முதல் கேள்விக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் பதில் கிடைக்கும், சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். 2023-ல் மிக்ஜாம் வந்தபோது அந்தப் பழக்கம் எனக்கு இரண்டு கட்டடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது.


தம்ப்ரூல்_தங்கராசு

வேளச்சேரியில் அந்த வாரம் நானும் இருந்தேன் அண்ணா, வேறு கட்டடம். தண்ணீர் வடிந்தபின் பேனலைத் திறந்து போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பஸ்பார் (பேனலுக்குள் கரண்ட் ஓடும் உலோகப் பட்டை) மேல் சேறு காய்ந்து வெடித்திருந்தது. பச்சை பூத்துப்போன காப்பர்.


மின்னல்_மாணிக்கம்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மொட்டை மாடியில் இடிதாங்கி என்று ஒற்றைக் கம்பம், அதுவே சுற்றி நூறு மீட்டர் காப்பாற்றும் என்று விற்கிறார்களே, அதைப் போடலாமா? கிளையன்ட் அதையே கேட்கிறார், விலையும் குறைவு.


ஓஎம்ஆர்_மகி

ஐ.எஸ். 62305-ல் (இடிதாங்கிக்கான தரம்) இருப்பது உருளும் கோளம் (கட்டடத்தின் மேல் ஒரு கற்பனைப் பந்தை உருட்டி, அது தொடும் இடத்தில் காப்பு வைப்பது), கோண முறை, வலைப்பின்னல், இவை மூன்றுதான். கோளத்தின் ஆரம் பாதுகாப்பு நிலையைப் பொறுத்து 20, 30, 45, 60 மீட்டர். கம்பம் முன்னாலேயே கீற்று விட்டு அதிக தூரம் காக்கும் என்று சொல்லும் வகைக்கு அந்தத் தரத்தில் தனிச் சலுகை கிடையாது. நான் போடமாட்டேன். கிளையன்ட் வற்புறுத்தினால் சாதாரணக் கம்பத்துக்கு என்ன பரப்போ அதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு மீதிக்கு உலோகப் பட்டை ஓட்டச் சொல்லுங்கள், விலைச் சண்டை தானாக ஓய்ந்துவிடும். தனி இழை தொடங்குங்கள், இங்கே பேசினால் வாலு தொலைந்துவிடுவான்.


வோல்ட்டேஜ்_வாலு

தொலையவில்லை அக்கா. மூன்று வாரம் கழித்து வருகிறேன், நிறைய நடந்துவிட்டது.

முதலில் எக்செல். ஃபியூஸ் அண்ணா சொன்னதுபோல் நானே ஒரு ஷீட் எழுதினேன். வோல்ட்டேஜ் டிராப் சரியாக வந்தது, ஆனால் கேபிள் சைஸ் மட்டும் நிறைய இடத்தில் ஆபீஸ் ஷீட்டைவிட ஒரு படி பெரிதாக வந்தது. என் தப்பு என்றுதான் இரண்டு நாள் தேடினேன். கடைசியில் தைரியமாகச் சீனியரிடமே போய்க் காட்டினேன், அவர் பாஸ்வேர்டு போட்டுத் திறந்தார். பாலைக் காற்று அண்ணன் வாயில் சர்க்கரை போட வேண்டும், குரூப்பிங் கட்டத்தில் 1. அவரும் யாரிடமிருந்தோ வாங்கிய ஷீட் அது, பத்து வருடமாக அந்தக் கட்டத்தை யாரும் தொடவில்லையாம். திட்டுவார் என்று நினைத்தேன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அன்று மதியம் சாப்பிடவே மறந்துவிட்டோம்.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று ஷார்ட் சர்க்யூட் கணக்கு. எங்கள் பிராஜெக்டில் 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், 433 வோல்ட், முழு லோடு கரண்ட் 1333 ஆம்பியர். இம்பீடன்ஸ் (டிரான்ஸ்ஃபார்மர் தானே தரும் தடை) 5 சதவீதம் என்றால் அதை 0.05-ஆல் வகுக்க வேண்டும், ஷார்ட் ஆனால் சுமார் 26,700 ஆம்பியர் ஓடும். இதை மனதில் வைத்துக்கொண்டு பேனல் விலைப்பட்டியலைப் பார்த்தால் கான்ட்ராக்டர் வேல்யூ இன்ஜினியரிங் (செலவைக் குறைக்கும் மாற்றம்) என்று எழுதி 36 கிலோ ஆம்பியர் வரை துண்டிக்கக்கூடிய பிரேக்கரை 16-க்கு மாற்றியிருக்கிறார். இரண்டு மாதம் முன்னால் என்றால் பிராண்டு ஒன்றுதானே என்று டிக் போட்டிருப்பேன். (தங்கராசு அண்ணே, நீங்கள் இல்லையே அது?)

அப்புறம் பேனல் ரூம். ஃபியூஸ் அண்ணா கேட்ட இரண்டாவது கேள்வியை என் டிராயிங்கிடமே கேட்டேன். ஸ்டில்ட் ஃப்ளோர் (தூண்கள் மட்டும் உள்ள தரைத்தள பார்க்கிங்) பிளான் மேல் முதல் மாடி பிளானை வைத்து ஒளி ஊடுருவ விட்டுப் பார்த்தேன். பேனல் ரூமுக்கு நேர் மேலே 103-ம் நம்பர் வீட்டின் பாத்ரூம். சங்கன் ஸ்லாப் (பைப்புகளுக்காகத் தாழ்த்திப் போட்ட தளம்). அந்த அறைக்குள் லைட் பாயின்ட் வைத்ததே நான்தான், நான்கு தடவை திருத்திய டிராயிங், ஒரு தடவைகூட மேலே என்ன என்று பார்க்கவில்லை. ஆர்க்கிடெக்டிடம் சொன்னேன். "வாட்டர்ப்ரூஃபிங் போடுகிறோமே, கீழே ஒரு தகரத் தட்டு வைத்துவிட்டால் போதுமே" என்கிறார். தட்டு வைத்தால் சரியா?


பழைய_ஃபியூஸ்

வாட்டர்ப்ரூஃபிங் ஐந்து வருடம் கழித்து யாரோ டைல்ஸ் மாற்றும்போது உடையும். அன்றைக்கு நீயும் இருக்கமாட்டாய், ஆர்க்கிடெக்டும் இருக்கமாட்டார், தட்டு மட்டும் தண்ணீர் நிரம்பி பேனல் தலைமேல் வழியும். தட்டு என்பது ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடத்துக்கு. உனக்கு இன்னும் கான்கிரீட் போடவில்லையே?

அறையை நகர்த்து. மேலே பெட்ரூமோ ஹாலோ வரும் இடமாகப் பார். நகர்த்தும் இடத்தில் பீம் ஆழம் எவ்வளவு என்று ஸ்ட்ரக்சர் டிராயிங்கில் பார்த்துக்கொள், பேனல் உயரம் 2.1 மீட்டர், அதற்கு மேல் கேபிள் டிரே திரும்ப இடம் வேண்டும், ஸ்டில்டில் பீமுக்குக் கீழே அவ்வளவு கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. முன்னால் ஒரு மீட்டர் நடக்க இடம். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரம் கூடினால் அந்தக் கேபிளின் டிராப்பைத் திரும்பப் பார். இதையெல்லாம் ஒரே தாளில் வரைந்து கொண்டு போ, வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.


ஓஎம்ஆர்_மகி

மாமா அடுத்த தடவை கேட்டால் இந்தத் தாளையே காட்டு.


வோல்ட்டேஜ்_வாலு

வரைந்துவிட்டேன். நான்கு மீட்டர் கிழக்கே தள்ளினால் மேலே ஹால் வருகிறது, பீம் 450 ஆழம்தான், டிரே திரும்புகிறது. தரைமட்டத்தை 600 மில்லிமீட்டர் உயர்த்தவும் கேட்டிருக்கிறேன். டீக்கடைக்குப் போய்க் கேட்டேன் அண்ணா, உண்மையிலேயே சுவரில் கை வைத்துத்தான் காட்டினார், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. ஆர்க்கிடெக்ட் சம்மதித்துவிட்டார். ஆனால் புது இடத்தில் ஒரு கார் பார்க்கிங் போகிறது, பில்டர் அதை ஏற்கெனவே விற்றுவிட்டாராம். திங்கட்கிழமை பத்து மணிக்கு மீட்டிங், சீனியர் என்னையே பேசச் சொல்லிவிட்டார். கணக்கு எல்லாம் கையில் இருக்கிறது, ஆனால் கார் பார்க்கிங்குக்கு எதிராக மில்லிமீட்டர் கணக்கு எடுபடுமா என்று தெரியவில்லை.


தம்ப்ரூல்_தங்கராசு

எடுபடாது. பில்டருக்கு எண் புரியும், ஆனால் அவருடைய எண் மட்டும். முதலில் சொன்ன பிரேக்கர் விஷயம் நான் இல்லை, சத்தியமாக. அந்த 2015 போட்டோ எல்லாவற்றையும் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், கட்டடப் பெயர்ப் பலகை தெரியும் இரண்டை மட்டும் எடுத்துவிட்டேன். பேனலை மாற்ற எவ்வளவு ஆயிற்று, எத்தனை நாள் லிஃப்ட் ஓடவில்லை என்பதும் கீழே எழுதியிருக்கிறேன். மூன்றாவது படத்தைக் கடைசியில் காட்டு.